பதில் வராத பேச்சு

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் குமரகுருபரர் கதையைச் சொல்கிறவர்கள் முதல் ஐந்து ஆண்டுகளை ஒரே மூச்சில் தாண்டிவிடுவார்கள். சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மைக்கும் பிறந்த பிள்ளை. ஐந்து வயது வரை பேச்சு வரவில்லை. திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஒரு மண்டலம் விரதம் கிடந்தார்கள், முருகன் அருளால் வாய் திறந்தது, திறந்த வாயில் கந்தர் கலிவெண்பா வந்தது. அவ்வளவுதான். அங்கிருந்து கதை மதுரைக்குப் போய்விடும், திருமலை நாயக்கர் அவைக்குப் போகும், காசிக்குப் போகும். கேட்கிற எல்லாருக்கும் அந்த வாய் திறந்த நாள்தான் வேண்டியிருக்கிறது.

எனக்கு அந்த ஐந்து ஆண்டுகள் வேண்டும். கவிராயர் வீடு என்றால் சொல்லுக்குப் பஞ்சமில்லாத வீடு. திண்ணையில் யாராவது ஏதாவது செய்யுளைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த வீட்டு நடுக்கூடத்தில் ஒரு பிள்ளை வாய் பேசாமல் விளையாடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாய் காலையில் எழுந்து அதன் முகத்தைக் கழுவும்போது என்ன பேசினாள்? மூன்று வயதாகியும் தாலாட்டுப் பாடினாளா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாக அவள் குரலும் அடங்கிப்போனதா? பக்கத்து வீட்டுப் பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்த்தாளா? திருச்செந்தூருக்குப் போனதைப் பக்தி என்கிறார்கள். சரி. அதற்கு முந்தைய நாள்களை என்னவென்று சொல்வது?

இதையெல்லாம் கேட்பதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மகன் பிறந்தது 2019இல். அவனுக்கு ஒரு வயது நிறையும் முன்பே ஊர் பூட்டிக்கொண்டது. 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் வந்து 21 நாள் ஊரடங்கு என்று சொன்னபோது, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அத்தையின் கவலை எல்லாம் பால்காரர் வருவாரா என்பதுதான். 21 நாள் என்னவாக நீண்டது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஒரு கூட்டுறவு வங்கியில் கவுண்டர் வேலை. அத்தியாவசியப் பணி என்பதால் போயாக வேண்டும். சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளை தவழ்ந்து ஓடி வருவான். “தொடாதே, தொடாதே” என்று கத்திக்கொண்டே கொல்லைப்புறம் போய்க் குளித்துவிட்டு வருவேன். அந்த ஆண்டு முழுக்க என் வாயிலிருந்து அவன் அதிகம் கேட்ட சொல் அதுவாகத்தான் இருக்கும்.

முழு முகமாக அவன் பார்த்தது வீட்டில் இருந்த எங்களை மட்டும். வெளியே போனால் கண்ணுக்குக் கீழே துணி கட்டியவர்கள். அங்கன்வாடி இல்லை, பார்க் இல்லை, கல்யாண வீட்டில் ஓடித் திரிகிற வாண்டுகள் இல்லை. குழந்தை காதால் கேட்டு மட்டும் பேசப் பழகுவதில்லை, எதிரில் இருப்பவர் வாயையும் பார்த்துத்தான் பழகுகிறது என்று பிறகு சொன்னார்கள். அதனால்தான் இவனுக்குப் பேச்சு வரவில்லை என்று அதை வைத்து யாரும் முடிவுகட்டிவிட முடியாது. ஊரடங்குக்கு முன்பும் தாமதமாகப் பேசிய பிள்ளைகள் உண்டு, ஊரடங்கிலேயே வளர்ந்து வாயாடியாக நிற்கிற பிள்ளைகளும் எங்கள் தெருவிலேயே உண்டு. காரணம் தெரியாமல் இருப்பதும் சேர்ந்துதான் அந்தக் காலத்தின் பாரம்.

இரண்டு வயது நெருங்கியபோது அவனிடம் இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஓசைகள். சொல் என்று ஒன்றும் இல்லை. அப்போது எங்கள் வீட்டுக்கு நம்பிக்கை பல உருவங்களில் வந்தது. “அவன் அப்பனும் மெதுவாத்தான் பேசுனான்.” “ஆம்பளப் பிள்ளை கொஞ்சம் தாமசமாகும்.” “வசம்பைச் சுட்டுத் தேன்ல குழைச்சு நாக்குல தடவுங்க.” “நாக்கு தடிச்சிருக்கும், அதான்.” எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வார்த்தைகள் அனைத்தும் ஒன்றையே செய்யச் சொல்லின: ஒன்றும் செய்யாதே, காத்திரு. இதைப் பொறுமை என்று பெயர் சூட்டிக் கொண்டாடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பயத்துக்குத் திருநீறு பூசி உட்கார வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பதை அந்த ஆண்டுகளில் நாம் எத்தனை பேரிடம் சொன்னோம், எத்தனை பேர் நம்மிடம் சொன்னார்கள். சொல்கிறவருக்கு அந்த வாக்கியத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எதுவும் கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் கைப்பேசி. நடுச்சாமத்தில் போர்வைக்குள் வெளிச்சம் வைத்துக்கொண்டு வெளிநாட்டுத் தாய்மார்களின் அனுபவங்களைப் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு காணொலி பார்த்தால் அடுத்தது தானாக வரும், முன்னதைவிட இன்னும் மோசமான செய்தியோடு. அத்தை சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட நான் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். எது மூடநம்பிக்கை என்று யாராவது கேட்டால் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

ஊரடங்கு தளர்ந்த இடைவெளியில் மருத்துவரிடம் போனோம். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் செய்ய வேண்டியது அதுதானாம். பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் வயர்களை ஒட்டி, ஒலிக்கு மூளை எப்படி எழும்புகிறது என்று கோடு கோடாகப் பார்த்தார்கள். காது நன்றாகக் கேட்டது. வேறு எந்த ஊர்ப் பெற்றோருக்காவது பயன்படட்டும் என்று இதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று மாவட்டத் தலைநகர்களில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்குகிற ஓரிடம் உண்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் வந்தது. வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைகளைப் பரிசோதித்துப் பயிற்சி தருவதற்கென்றே இருக்கிறது, காசு வாங்குவதில்லை. திருச்செந்தூருக்கு வழி சொல்ல எங்கள் தெருவில் ஆயிரம் பேர் இருந்தார்கள். இதற்கு வழி சொல்ல ஒருவரும் இல்லை.

மருத்துவர் கேட்ட கேள்விகள் எனக்கு விசித்திரமாக இருந்தன. அவர் பேச்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. தலை நின்றபின் மேலுடம்பைத் தூக்கி ஆட்டினானா? கை தட்டச் சொன்னால் தட்டுவானா? முத்தம் கேட்டால் கன்னத்தைக் கொண்டுவந்து தருவானா? ‘வா’ என்று கை நீட்டினால் வருவானா? நீங்கள் விரலால் எதையாவது சுட்டிக்காட்டினால் உங்கள் விரலைப் பார்க்கிறானா, விரல் காட்டுகிற பொருளைப் பார்க்கிறானா?

கடைசிக் கேள்வியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தக் கேள்விகளை வேறெங்கோ இதே வரிசையில் படித்திருக்கிறேன். வங்கித் தேர்வு எழுதுவதற்கு முன் தமிழ் இலக்கியம் படித்தவள் நான். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. பிள்ளைத்தமிழ்! தேர்வுக்காகப் பருவங்களை மனப்பாடம் செய்து, எது எத்தனையாவது மாதம் என்று அட்டவணை போட்டு, பத்து மதிப்பெண் வாங்கி மறந்துபோன சிற்றிலக்கியம். ஐந்தாம் மாதம் குழந்தை கையூன்றித் தலை அசைக்கிறது, ஒன்பதாம் மாதம் கைகொட்டுகிறது, பதினோராம் மாதம் முத்தம், ஒரு வயது தாண்டியதும் தளர்நடை, அதற்கும் பிறகு நிலாவைக் காட்டுதல். அம்மாவின் விரல் நுனியிலிருந்து வானத்தில் இருக்கிற ஒன்றுக்குப் பார்வை தாவ வேண்டும். இருவரும் ஒரே பொருளைச் சேர்ந்து பார்க்கிறோம் என்ற அறிவு குழந்தைக்கு அங்கேதான் பிறக்கிறது. பேச்சுக்கு அடித்தளமே அது என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். தமிழ்ப் புலவர்கள் அதற்கு ஒரு தனிப் பருவமே ஒதுக்கி, நிலாவிடம் சமாதானமாகப் பேசியும் ஆசை காட்டியும் வேறுபடுத்திச் சொல்லியும் கடைசியில் மிரட்டியும் பாடிவைத்திருக்கிறார்கள்.

இதற்காக நம் முன்னோர் அன்றே மருத்துவம் கண்டுவிட்டார்கள் என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை. புலவர்கள் தாய்மாரைக் கவனித்தார்கள், தாய்மார் குழந்தைகளைக் கவனித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அன்று இரவு பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டியபோது தேர்வுக்குப் படித்த காலத்தில் கண்ணில் படாத ஒன்று பட்டது. பிள்ளைத்தமிழ் முழுவதிலும் பிள்ளை பேசுவதே இல்லை. பெரும்பாலும் தாய்தான் பேசுகிறாள். ஆடு என்கிறாள், கைகொட்டு என்கிறாள், முத்தம் தா என்கிறாள், வா என்கிறாள். நூறு பாட்டிலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதில் கிடையாது. பதில் வராததால் அவள் நிறுத்துவதும் கிடையாது. ஐந்து வயது வரை பேசாமல் இருந்ததாகச் சொல்லப்படுகிற மனிதர்தான் மதுரை மீனாட்சிக்கு ஒன்றும், வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்கு ஒன்றுமாக இரண்டு பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார். நான் இப்படி நினைத்துக்கொள்கிறேன்: அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் இந்தப் பக்கத்துப் பேச்சின் அருமை முழுதாகத் தெரிந்திருக்கும். சிவகாமசுந்தரி அம்மை ஐந்து ஆண்டுகளும் நிறுத்தாமல் பேசியிருக்கிறாள். கதை அதைச் சொல்லவில்லை, இரண்டு பிள்ளைத்தமிழும் சொல்லிவிட்டன என்றே எனக்குப் படுகிறது.

பேச்சுப் பயிற்சி தொடங்கிய கொஞ்ச நாளில் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. பயிற்சி கைப்பேசித் திரைக்கு மாறியது. திரையில் வந்த அந்த இளம்பெண் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததைவிட எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். குளிப்பாட்டும்போது பேசுங்கள், தோசை வார்க்கும்போது பேசுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாக, அவன் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்து பேசுங்கள். ‘இது என்ன, சொல்லு, சொல்லு’ என்று தேர்வு வைக்காதீர்கள். பேசிவிட்டுக் கொஞ்சம் இடம் விடுங்கள். அந்த இடத்தை நீங்களே நிரப்பிவிடாதீர்கள்.

கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். “தண்ணி வேணுமா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. ஒரு கை சொம்பைப் பிடித்திருக்கிறது, பிள்ளை அதையே பார்க்கிறான், தாகம் தெரிகிறது, கொடுத்துவிட்டால் முடிந்தது. கொடுக்காமல் நான்கு மூச்சு நேரம் காத்திருக்க வேண்டும். அவனுக்குள் ஒரு சொல் எழும்பலாம், எழும்பாமலும் போகலாம். எழும்பாவிட்டால் முகம் சுளிக்காமல் ‘தண்ணி’ என்று நானே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த முறை மறுபடியும் அதே இடம், அதே காத்திருப்பு. கடவுள் நம்பிக்கை பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் எதுவும் அந்த நான்கு மூச்சு நேரத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. வரும் என்று நினைக்காவிட்டால் காத்திருக்க மாட்டேன். வந்தே தீரும் என்று பிடிவாதம் பிடித்தால் பிள்ளை மிரண்டுபோவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனநிலை இருக்கிறது. அதில் நிற்பதற்கு ஒரு நாளில் பல முறை பயிற்சி கிடைத்தது.

மாடிவீட்டு லாத்தா 2020 ஹஜ்ஜுக்கு எழுதிப் போட்டிருந்தார். அந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து யாரையும் சவூதி அனுமதிக்கவில்லை. அடுத்த ஆண்டும் அப்படியே. பல வருஷம் சேர்த்த காசு, தைத்து வைத்த வெள்ளை உடுப்பு. அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. சாயங்காலம் மொட்டைமாடியில் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போவேன், அவர் துணி எடுக்க வருவார். எட்டி நின்றே பேசிக்கொள்வோம். ஒருநாள் ஹாஜரா அம்மா கதையைச் சொன்னார். எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். பாலைவனத்தில் பச்சைப்பிள்ளையோடு விடப்பட்ட தாய், தண்ணீர் தேடி ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏழு முறை ஓடியது, பிறகு ஜம்ஜம் ஊற்று வந்தது. லாத்தா இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ராஹிம் நபி விட்டுட்டுப் போகும்போதே அவங்க கேட்டுட்டாங்க, இது அல்லாஹ் சொன்னதான்னு. ஆமான்னதும், அப்ப அவன் எங்களைக் கைவிட மாட்டான்னு சொன்னாங்க. சொன்ன வாயி ஈரம் காயலை, பிள்ளைக்குத் தாகம்னதும் ஓடுனாங்க பாத்தியா. நம்பினவங்க எதுக்கு ஓடணும்? உக்காந்தில்ல இருக்கணும். அப்படி இல்ல, பிள்ளை. நம்பினவங்கதான் ஓடுவாங்க.”

அப்புறம் துணிகளை மடித்துக்கொண்டே, “தண்ணி அவங்க ஓடுன எடத்துல வரல. பிள்ளை காலடியில வந்துச்சு. ஆனா ஹஜ்ஜுக்குப் போறவங்க எல்லாரும் இன்னைக்கும் அந்த ஓட்டத்தைத்தான் ஓடுதாங்க” என்றார்.

இந்த உலகத்தில் பிள்ளை வளர்க்கிற எந்த மதத்துக்காரருக்கும் இதைவிடத் துல்லியமாக ஒன்றைச் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை. நாம் செய்கிற காரியத்துக்கும் கிடைக்கிற பலனுக்கும் நேர்க்கோடு கிடையாது. ஓடியதால் தண்ணீர் வந்தது என்று கணக்குக் காட்ட முடியாது. ஓடாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று உட்கார்ந்துவிடவும் முடியாது. எங்கள் பையன் விஷயத்திலும் எந்தப் பயிற்சி, எந்த நேர்ச்சை, எந்த வசம்பு என்ன செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வசம்பு ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். அதைத் தடவிய அன்று அவன் வாந்தியெடுத்ததுதான் மிச்சம்.

நம்பினவர்களுக்கு நல்லதே நடக்கும் என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. 2021 மே மாதம். ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாத நாள்கள், ஆக்ஸிஜன் படுக்கைக்கு ஊரே அலைந்த நாள்கள். அந்த மாதக் கடைசியில், தொற்றில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போடப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. கொஞ்ச நாள் கழித்து எங்கள் கவுண்டருக்கு ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு கணக்கு தொடங்க வந்தார். பையனுக்கு என் மகனைவிடச் சற்று வயது அதிகம் இருக்கும். அவன் மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு, நிறம் வெளுத்து, முடிச்சில் அழுக்கேறி. ஏதோ கோயிலில் மந்திரித்துக் கட்டியது. கட்டியது அவன் தாயாகத்தான் இருக்க வேண்டும். படிவத்தில் தாய், தந்தை பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று சேர்க்க வேண்டும் என்று நான்தான் அந்தப் பாட்டிக்குச் சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. நம்பிக்கையைப் பற்றி எதைச் சொன்னாலும் அந்தப் பாட்டி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். ‘நான் வேண்டிக்கொண்டேன், என் பிள்ளை பிழைத்தது’ என்பதை அவர் முன்னால் சொல்ல முடியாது. ‘கர்மா’ என்பதையும் முடியாது. (எனக்கும் ஒருவர் சொன்னார், போன ஜென்மத்தில் யாருடைய வாயையோ அடைத்திருப்பாய் என்று. கல்யாண வீட்டுப் பந்தியில், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.)

அப்படியானால் அந்தக் கயிறு எதற்கு? காப்பு காப்பாற்றவில்லையே, பிறகு ஏன் கட்டுகிறோம்? இதற்கு எனக்குக் கிடைத்த ஒரே பதில் பெரியாழ்வார். பாண்டியன் அவையில் பொற்கிழி வென்று யானைமேல் பவனி வருகையில் திருமால் கருடன்மேல் காட்சி தந்தாராம். கண்டவர் வரம் கேட்டிருக்கலாம். பெரியாழ்வாருக்குப் பயம் வந்துவிட்டது: இப்படி வெட்டவெளியில் எல்லார் கண்ணும் படும்படி வந்து நிற்கிறாரே, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பல்லாண்டு பாடினார். கடவுளுக்கே காப்பு. யாரை எதுவும் செய்ய முடியாதோ அவருக்குக் கண்பட்டுவிடும் என்று பதறினார். பிறகு அவரே யசோதையாக உட்கார்ந்து கண்ணனைத் தொட்டிலிலிட்டார், குளிப்பாட்டினார், திருஷ்டி கழித்தார். வைணவப் பெரியவர்கள் இந்தப் பதற்றத்தை அறியாமை என்று ஒதுக்கவில்லை. பரிவின் பெருக்கு என்று கொண்டாடி, அதனாலேயே அவரைப் ‘பெரிய’ ஆழ்வார் ஆக்கினார்கள். பயம் இருந்தால் பக்தி குறைவு என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து யார் யாரோ சொன்னதெல்லாம் அந்த ஒரு கதையில் உடைந்துபோகிறது. அந்தத் தாய் கட்டிய கயிறும் அந்த வகைதான். தொற்றை அது தடுக்கவில்லை. அவன் கை பெரிதாகி முடிச்சு இறுகும்வரை, உன்னை நினைத்து ஒருத்தி பயந்தாள் என்பது அங்கே இருக்கும்.

தெற்கே தத்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு. நோய்நொடியில் தப்பிய பிள்ளையைச் சாமிக்கு என்று கொடுத்துவிட்டு, பிறகு காசோ தவிடோ கொடுத்து வாங்கி வருவார்கள். பிறந்த பிள்ளைகள் தங்காத வீடுகளில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். பிச்சை என்று வைத்தார்கள். இளம்வயதில் இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அம்மை, காலரா, பேதி என்று வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறை அது. நம்முடைய இரண்டு வருஷத்து நிச்சயமின்மை அவர்களுக்கு ஆயுள் முழுக்க இருந்தது. பிள்ளை நம் சொத்து இல்லை, வளர்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு சடங்கைச் செய்து மனசுக்குச் சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சடங்கு எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பையன் எப்படிப் பேச வேண்டும், எந்த வயதில் பேச வேண்டும், பேசி எந்தப் பள்ளியில் முதலாவதாக வர வேண்டும் என்று நான் போட்டு வைத்திருந்த படத்தைத்தான் முதலில் தத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. படம் போன பிறகு பையன் கண்ணுக்குத் தெரிந்தான். வாசலில் போகிற ஒவ்வொரு பேருந்தின் சத்தத்தையும் வேறுபடுத்தி அறிகிறவன். சோகமாக இருப்பவர் யார் என்று அறைக்குள் நுழைந்ததும் கண்டுகொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருகிறவன்.

மூன்று வயதுக்குப் பிறகு சொற்கள் வந்தன. வெள்ளமாக எல்லாம் வரவில்லை. ஒன்று வரும், ஒரு வாரம் இருக்கும், காணாமல் போகும், வேறொன்றைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். 2022இல் எல்.கே.ஜி. சேர்த்தபோது டீச்சருக்குப் புரியாததை அவன் பெஞ்சில் உட்கார்ந்த சின்னப்பெண் மொழிபெயர்த்தாள். இப்போது பேசுகிறான். சில எழுத்துகள் இடம் மாறும், அவசரத்தில் வாக்கியத்தின் நடுப்பகுதி விழுந்துவிடும். இன்னும் பயிற்சி போகிறது. இனி எப்படி என்று மருத்துவரைக் கேட்டால், “பார்ப்போம்மா” என்பார். முன்பு அந்தப் பதில் என்னை உலுக்கும். இப்போது, நிஜத்தைப் பேசுகிற ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் சண்டை வந்தது நேர்ச்சையில்தான். பேச்சு வந்தால் திருச்செந்தூரில் பிள்ளைக்கு முடியிறக்கி, தானும் பால்குடம் எடுப்பதாக அத்தை நேர்ந்திருந்தார். பேச்சு வந்துவிட்டதா இல்லையா என்பதுதான் சண்டை. அவன் ‘ஆச்சி’ என்று கூப்பிட்ட அன்றே போய்விடலாம் என்றார் என் கணவர். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. “ஒத்தச் சொல்லுக்கெல்லாம் கடனக் கழிச்சிட்டா அவன் அத்தோட நிறுத்திருவாம்லா. வாக்கியமாப் பேசட்டும்.” முருகனோடு இப்படிப் பேரம் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வாக்கியம் வந்தபோது தெளிவாக வரட்டும் என்றார். தெளிவு என்றால் எவ்வளவு தெளிவு? மிச்சத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தால் இவன் கல்யாணம் வரைக்கும் கடன் அப்படியே நிற்கும். யாரும் ‘முடிந்தது’ என்று முத்திரை போட்டுத் தரப்போவதில்லை. “அத்தை, அரைகுறையாப் பேசுதான், அரைகுறையாவே கூட்டிட்டுப் போவோம். மிச்சத்தை அவர்கிட்ட நேர்ல பேசிக்கிடலாம்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “சரி, செவ்வாய்க்கிழமை வேண்டாம், கூட்டமா இருக்கும்” என்றார்.

போன கோடையில் போனோம். மொட்டைக்கு இப்போது கட்டணம் கிடையாது, 2021இல் எடுத்துவிட்டார்கள். முடியிறக்குகிறவர் பையனின் தலையை நனைத்துக்கொண்டே “தம்பி பேர் என்ன?” என்று கேட்டார். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அத்தைக்கும் வந்திருக்கும், அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். பையன் பெயரைச் சொன்னான், நடுவில் ஓரெழுத்தை விழுங்கி. அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் சொன்னான். புரியாவிட்டாலும் “நல்ல பேரு” என்று கத்தியை எடுத்தார். பையனுக்கு அதில் திருப்தியில்லை. மொட்டை போடுகிற நேரம் முழுக்க அவருக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தான், எங்கள் வீட்டில் தெரபிக்காரப் பெண் செய்கிற மாதிரியே, சின்னச் சின்ன அசையாக, நடுவில் இடம் விட்டு.

இலை விபூதி வாங்கிக்கொண்டு திரும்பி வரும் வழியில் அத்தை கணக்குப் பார்த்தார். லாத்தா எங்களுக்காக ஆற்றங்கரைப் பள்ளிவாசலில் வேண்டியிருக்கிறார். எதிர்வீட்டு டீச்சரம்மா உவரி அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறார். அவரவர் நேர்ந்ததை அவரவர் செலுத்தினால் போதாது, பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அத்தையின் சட்டம். பையன் நடுவில் புகுந்து, உவரிக்கு எந்த பஸ் போகும், அதன் ஹாரன் எப்படி அடிக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தான். பாதி புரிந்தது. “எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பிக்கட்டும்னு நான் இப்ப ஒண்ணு புதுசா நேந்திருக்கேன்” என்றார் அத்தை, பர்ஸில் சில்லறை தேடிக்கொண்டே. எந்தச் சாமிக்கு என்று கேட்டோம். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.